மூட்டையில் மூன்றில் ஒரு பங்கு

1.

இது ஒரு கட்டுரையாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஈப்போவில் தமிழ் மாத இதழ் ஒன்றை நடத்துகிறவர், 'முதல்முறை வெளிநாட்டுச் சுற்றுலா: எப்படித் திட்டமிடுவது?' என்று எண்ணூறு சொற்களுக்கு மிகாமல் எழுதித் தரச் சொல்லியிருந்தார். நான் தபால் இலாகாவில் முப்பத்து நான்கு வருஷம் அடுத்தவர் ஊர்களுக்கு முத்திரை குத்திவிட்டு ஓய்வு பெற்றவன். அறுபது வயதுக்குப் பிறகுதான் நாட்டைத் தாண்டிப் பார்க்க ஆசை வந்து, தாய்லாந்துக்கு ஐந்து நாள் போய்வர ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன். அந்தச் சேதி எப்படியோ அவர் காதுக்கு எட்டிவிட்டது.

நன்றாகத்தான் ஆரம்பித்தேன். பாஸ்போர்ட் காலாவதியாக இன்னும் ஆறு மாதமாவது இருக்க வேண்டும். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்ப் பாஷையில் சோறு, தண்ணீர், கழிப்பறை, என்ன விலை என்று நாலு வார்த்தை தெரிந்துகொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது. போகும்போதே பெட்டியை நிரப்பிவிடாதீர்கள், மூன்றில் ஒரு பங்கு இடம் விடுங்கள், திரும்பும்போது—

அங்கே நின்றுவிட்டது. ஒரு வாரம் அந்த ஒற்றைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் அந்த யோசனை என்னுடையது இல்லை. 1943-ஆம் ஆண்டு, ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீஸில் அது ஒரு பெண்ணுக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அவள் அதை நம்பினாள். அவள் நம்பியதால் ஒருவன் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, போனான்.

[முன்னாலேயே சொல்லிவிடக் கூடாது என்பார்கள். சொல்லிவிடுகிறேன். அவன் திரும்பி வரவில்லை. வருவானா வரமாட்டானா என்று நீங்கள் காத்திருக்க வேண்டாம். வாசித்துக் காட்டியவருக்கு அது தெரியுமா தெரியாதா என்பதுதான் இந்தக் கதை.]

2.

முதலில் எழுதிப் பார்த்த தொடக்கம்:

அலமாரிக்கு அடியில் கிடந்த இரும்புப் பெட்டியைத் திறந்தபோது, மஞ்சள் படிந்த ஒரு தாள்

அடித்துவிட்டேன். பெட்டியும் இல்லை, தாளும் இல்லை. கதை எழுதுகிறவர்களுக்கு மட்டும் எப்படித்தான் வீட்டுக்கு வீடு ஒரு பெட்டி கிடைக்கிறதோ தெரியவில்லை.

இரண்டாவது:

தன் கணவனைக் காப்பாற்ற இருளாயி அன்று காலை

இதையும் அடித்தேன். அவள் காப்பாற்றப் போகவில்லை. ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளப் போனாள். காப்பாற்றுவது என்றெல்லாம் பெரிதாகப் போட்டால் அவள் கேட்ட சின்னக் கேள்வி காணாமல் போய்விடும்.

நடந்ததைச் சொல்கிறேன். ஈப்போ குடிநுழைவு அலுவலகத்தில் என் முதல் பாஸ்போர்ட்டுக்காக எண் சீட்டோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒருவர், எழுபத்தொரு வயது, லாரி ஓட்டி ஓய்ந்தவர். பெயர் பத்துமலை. அவருக்கும் அது முதல் பாஸ்போர்ட். சயாமில் ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதையில் மாண்டவர்களின் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு குழு போகிறது என்றும், தானும் போவதாகவும் சொன்னார். விண்ணப்பப் பாரத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். என்னென்ன எடுத்துப் போக வேண்டும் தம்பி என்று கேட்டார். கேட்க வேண்டியதுதான் பாக்கி, நான் பேனாவை எடுத்துவிட்டேன். பட்டியல் போடுவது எங்கள் குடும்பத்து வியாதி.

நாலைந்து எழுதியிருப்பேன். அவர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எங்கம்மாகிட்டயும் இப்படி ஒரு லிஸ்டு இருந்துச்சு தம்பி. தாளு அப்பாவோட சயாமுக்குப் போயிருச்சு. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனா கிராணி ஐயா ஒரு தடவை வாசிச்சதை அப்படியே மனசுல வச்சிருந்திச்சு. சாவுற வரைக்கும் சொல்லும்லா."

சொல்லிக் காட்டினார். போர்வை ஒன்று. வேட்டி இரண்டு. துவாய் ஒன்று. (துவாய் என்றால் துண்டு. யாழ்ப்பாணத்துக்காரர்கள் சொல்வது. தோட்டத்தில் யாருக்கும் அந்த வார்த்தை கிடையாது, அம்மா அதைக்கூட மாற்றாமல் சொல்லும் என்றார்.) சவர்க்காரம், அதாவது சோப்பு, அரைக் கட்டி. உப்பு ஒரு சிரட்டை. தகரக் குவளை. ஊசி, நூல், பொத்தான் இரண்டு. கொய்னா மாத்திரை (மலேரியாவுக்கு), கிடைத்தால். திருநீறு. கடைசியில்: மூட்டையில் மூன்றில் ஒரு பங்கு இடம் விடவும், திரும்பும்போது தேவைப்படும்.

அந்தப் பட்டியலை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். எங்கே என்பதை ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன். இப்போதே சொல்லத் தைரியம் இல்லை.

3.

கதிரவேலு என்ற பாத்திரத்தை அறிமுகப்படுத்த வேண்டும். தோட்டத்துப் பெரிய கிராணி, அதாவது கணக்கு, ஆள் பதிவு, கடிதம் எல்லாம் பார்க்கிற குமாஸ்தா. வயது நாற்பத்து மூன்று. யாழ்ப்பாணத்திலிருந்து இருபது வயதில் வந்தவர். தோட்டம் ஈப்போவுக்கு வடக்கே. பெயரை வேண்டுமென்றே சொல்லவில்லை.

இவரைக் கெட்டவராக எழுதுவது சுலபம். கூலிகளின் பெயரை எழுதிக் கொடுத்து லாரியில் ஏற்றியவர். நல்லவராக எழுதுவதும் சுலபம். வெள்ளைக்கார துரை ஓடிப்போன பிறகு தோட்டத்தைக் கட்டிக் காத்தவர், ஆட்களுக்காகப் பேசி ஜப்பானிய அதிகாரியிடம் கன்னத்தில் அறை வாங்கியவர். இரண்டும் நிஜம். இரண்டையும் எழுதிவிட்டேன், இருந்தும் அவர் இன்னும் எழுந்து நடக்கவில்லை.

அவரை நடக்க வைப்பது ஒரு பயணத் திட்டம்தான். 1941-இல் அவருக்கு நீண்ட விடுப்பு வந்தது. மற்ற கிராணிமார் விடுப்பு என்றால் யாழ்ப்பாணம் போவார்கள். இவர் மனைவி செல்லாச்சியிடம், ஊருக்குப் போவது விடுப்பு இல்லை, கடமை என்று சொன்னாராம். கலியாண வீடு, செத்த வீடு, காணி வழக்கு என்று போன நாள் முழுக்க அங்கே வேலை. தனக்குத் தெரியாத ஒரு நாட்டைச் சும்மா பார்த்துவிட்டு வர வேண்டும், அதுதான் விடுப்பு. பாங்காக் வரை ரயிலில் போவது என்று முடிவு செய்தார்.

ஒரு வருஷம் திட்டம் போட்டார். ரயில் நேர அட்டவணையை வாங்கி மனப்பாடம் செய்தார். ஈப்போ, தைப்பிங், புக்கிட் மெர்தாஜாம், பாடாங் பெசார், ஹாட்யாய். எந்த நிலையத்தில் எத்தனை நிமிஷம் வண்டி நிற்கும், எங்கே வெந்நீர் கிடைக்கும், எல்லாம் தெரியும். எடுத்துப் போக முப்பத்தொரு சாமான்களுக்குப் பட்டியல் போட்டார். சோற்றுக்கு அந்த ஊரில் 'காவ்' என்பார்கள் என்று யாரிடமோ கேட்டு எழுதி வைத்தார். 1942 ஜனவரி பத்தாம் தேதிக்குப் பயணம்.

டிசம்பரில் ஜப்பான்காரன் வந்துவிட்டான்.*

* இந்த வாக்கியத்தோடு அவர் கனவு முடிந்தது என்று எழுதியிருந்தேன். நாடே மூழ்கும்போது ஒரு கிராணியின் சுற்றுலா போனதற்கு அழ வேண்டுமா என்று தோன்றியது. ஆனால் அவர் அழுதிருக்கிறார். பெட்டியில் அடுக்கிய துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தபோது அழுதார் என்று செல்லாச்சி சொல்லியிருக்கிறார்.

4.

1943. கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்ததால் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் காலைப் பெரட்டுக்கு ஆட்கள் இருட்டோடு வந்து நின்றார்கள். ரப்பரை வாங்க ஆளில்லை. பால் மரம் சும்மா நின்றது. மரங்களை வெட்டிவிட்டு மரவள்ளி போட்டார்கள். காலையில் மரவள்ளி, மாலையில் மரவள்ளி, நடுவில் அதன் இலை. அரிசி என்பது மாதத்துக்கு இரண்டு சிரட்டை, அதுவும் வந்தால்.

மே மாதம் ஆள் கேட்டு உத்தரவு வந்தது. சயாமில் ரயில் வேலை, மூன்று மாதம், மூன்று வேளையும் அரிசிச் சோறு. கலியாணம் ஆகாத பன்னிரண்டு பேர் போனார்கள். ஆகஸ்டில் இரண்டாம் உத்தரவு வந்தது. இந்த முறை இருபது பேர். கங்காணி மாயாண்டி ஆட்களைச் சொல்லச் சொல்லக் கதிரவேலு எழுதினார். அதில் எட்டாவது பெயர் அர்ச்சுனன். இருபத்தாறு வயது. இருளாயியின் புருஷன்.

[அர்ச்சுனனைப் பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு. பத்துமலை அவரைப் பார்த்ததே இல்லை. அம்மா சொன்ன நாலைந்தை வைத்துத்தான் அவரும் அப்பாவை உருவாக்கிக்கொண்டார். நானும் அதையேதான் செய்கிறேன்.]

நீங்கள் எதிர்பார்ப்பது, அர்ச்சுனன் போக மாட்டேன் என்று அழுதான், இழுத்துக்கொண்டு போனார்கள் என்பதை. அப்படி இல்லை. அவனுக்குப் போக ஆசை. தோட்டத்திலேயே பிறந்து ஈப்போவுக்கு அப்பால் கால் வைக்காதவன். அவன் அப்பன் கடல் தாண்டி வந்தவர், அவன் ஆறுகூடத் தாண்டியதில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக ரயிலில் ஏறி இன்னொரு நாட்டைப் பார்க்கப் போகிறோம், போய்ச் சோறும் சாப்பிடப் போகிறோம் என்பதில் அவன் தரையில் நிற்கவில்லை.

ஆபீஸுக்குப் போய்க் கிராணியிடம் சயாம் எப்படி இருக்கும் என்று கேட்டான். இரண்டு வருஷமாக யாருமே கேட்காத கேள்வி அது. கதிரவேலு அவனை உட்காரச் சொன்னார். கூலியை நாற்காலியில் உட்காரச் சொன்னது அவர் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. தைப்பிங், புக்கிட் மெர்தாஜாம், பாடாங் பெசார் என்று வரிசையாகச் சொன்னார். எந்தப் பக்கம் ஜன்னலில் உட்கார்ந்தால் மலை தெரியும் என்றார். காவ் என்றால் சோறு என்று சொல்லிக் கொடுத்தார். அர்ச்சுனன் அன்று கூலிகளின் வரிசை வீடுகளான லயம் முழுக்கக் காவ், காவ் என்று சொல்லிக்கொண்டு திரிந்தானாம். பசியில் கிடந்த பிள்ளைகளும் அவன் பின்னால் சொல்லிக்கொண்டு ஓடினார்கள்.

இருளாயி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு நாலாம் மாதம். மே மாதம் போன பன்னிரண்டு பேரில் ஒருவனும் திரும்பவில்லை என்பதை அவள் கவனித்திருந்தாள். அங்கேயே இன்னும் மூன்று மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்று கங்காணி சொன்னான். அவள் அண்ணன் உடையப்பன் பாகான் டத்தோவில் தென்னந்தோட்டத்தில் இருந்தான். அங்கே ஆள் பிடிப்பது குறைவு. கடலோரம், மறைந்துகொள்ள இடமும் உண்டு. நாலைந்து நாள் நடந்தால் போய்ச் சேர்ந்துவிடலாம். புருஷனிடம் சொன்னாள். அவன் கேட்கவில்லை. கடைசியில் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கிராணி ஐயாவிடம் கேட்போம், அவர் சொல்கிறபடி செய்வோம்.

5.

இந்தப் பகுதியைப் பதினோரு தடவை எழுதினேன். ஒவ்வொரு தடவையும் கதிரவேலு கொஞ்சம் கொஞ்சமாக நல்லவராகிக்கொண்டே போனார். ஏழாவது பிரதியில் அவர் கண் கலங்கியது. ஒன்பதாவதில் கை நடுங்கியது. அப்போதுதான் எனக்கே வெட்கமாகிவிட்டது.

கதிரவேலு என் அம்மாவின் அப்பா.

துவாய் ஒன்று, சவர்க்காரம் அரைக் கட்டி என்பது எங்கள் வீட்டில் ஒரு கேலிப் பாட்டு மாதிரி. யாராவது ஒருநாள் பயணத்துக்குப் பை கட்டினாலும் அம்மா அதைச் சொல்லிச் சிரிப்பார். பாங்காக் போகாமலே பாங்காக்குக்குப் பெட்டி கட்டியவர் என்று அவரைப் பற்றிக் கதை உண்டு. முப்பத்தொன்றைச் சுருக்கி அவர் தோட்டத்து ஆட்களுக்கும் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார் என்பது எனக்குத் தெரியாது. பத்துமலை சொல்லித்தான் தெரியும். அவரிடம் நான் யார் என்று சொல்லவில்லை.

ஆகவே கீழே இருப்பதில் கண்ணீர், நடுக்கம் எதுவும் இல்லை. இருளாயி தன் மகனிடம் சொன்னது, மகன் என்னிடம் சொன்னது, அவ்வளவுதான்.

காலைப் பெரட்டு முடிந்து அவள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னார். வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முதலில் போனவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்டாள். யுத்த காலம், வண்டி தாமதமாகும் என்றார்.

"ஐயா, சொல்லக் கூடாததைச் சொல்றேன். தையில எனக்குப் புள்ள பொறந்துரும். மூணு மாசம்னா கார்த்தியில அவரு வந்துருவாரு. நீங்க வருவாருன்னு சொன்னீங்கன்னா அனுப்பிடுறேன். இல்லைன்னா எங்கண்ணன் இருக்கற எடத்துக்கு இன்னிக்கே கூட்டிக்கிட்டுப் போயிடுறேன். மூணு மாசம்னா மூணு மாசந்தானுங்களா?"

கதிரவேலு மேசையில் இருந்த உத்தரவை எடுத்துப் பார்த்தார். திரும்ப வைத்தார்.

"மூண்டு மாசம் எண்டுதான் கடதாசியில இருக்கு" என்றார்.

அவள் போகாமல் நின்றாள். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். கொண்டுபோக வேண்டிய சாமான்களை நான் எழுதித் தருகிறேன் என்று சொல்லி எழுதினார். நிதானமாக, அழகான கையெழுத்தில். எழுதி முடித்து, அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் வாசித்துக் காட்டினார். கடைசி வரியில் நிறுத்தி, விளக்கமும் சொன்னார். போகும்போது மூட்டையை இறுக்கிக் கட்டிவிடாதே, திரும்பி வரும்போது நாலு சாமான் வாங்கிக்கொண்டு வருவான், வைக்க இடம் வேண்டாமா என்று.

அதைக் கேட்டதும் அவளுக்கு நெஞ்சுப் பாரம் இறங்கிவிட்டது. தோட்டத்தில் கிராணி கையால் எழுதியது என்றால் அது பெரட்டு மாதிரி, சம்பளச் சீட்டு மாதிரி. எழுதியது நடக்கும். திரும்பி வருவது பற்றி அவரே எழுதிவிட்டார். தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு லயத்துக்குப் போனாள்.

பாகான் டத்தோ பேச்சு அதோடு முடிந்தது.

6.

மூட்டை என்பது ஒரு மாவுச் சாக்கு. அதில் இருளாயி ஒரு மெல்லிய போர்வை, ஒரு கம்பளி, வேட்டி, மற்றவை எல்லாம் வைத்திருந்தாள். சாக்கு நிறைந்துவிட்டது. பட்டியலில் போர்வை ஒன்று என்றுதான் இருந்தது. மூன்றில் ஒரு பங்கு இடமும் விட வேண்டும். யோசித்து, கம்பளியை எடுத்து வெளியே வைத்தாள். இப்போது கையை விட்டுப் பார்த்தால் மேலே தாராளமாக இடம் இருந்தது.

"மலைக் குளுரு, மழைங்கறாங்க அங்க. அந்தக் கம்பளி மேலதான் நான் பொறந்தேன்" என்றார் பத்துமலை. "அம்மா அதை யாரையும் தொட விடாது. போத்திக்கவும் போத்திக்காது."

ஆகஸ்டு கடைசியில் லாரி வந்தது. இருபது பேரும் ஏறினார்கள். அர்ச்சுனன் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் மலை தெரியும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். லாரியில் அது தெரியாது, ரயிலில்தான் என்று யாரோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். கதிரவேலு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுச் சரி போட்டார்.

கார்த்திகை வந்தது, போனது. தைப்பூசத்துக்கு மறுநாள் பத்துமலை பிறந்தார். யுத்தம் முடிந்த பிறகு, 1946-இல், அந்த இருபது பேரில் இருவர் வந்தார்கள். அர்ச்சுனன் போய்ச் சேர்ந்த இரண்டாம் மாதமே பேதி கண்டு, கொட்டும் மழையில், மூங்கில் கொட்டகையில் நனைந்து விறைத்துச் செத்தான் என்று அவர்கள் சொன்னார்கள். சாக்கை என்ன செய்தார்கள் என்று இருளாயி கேட்டாள். அவர்களுக்குத் தெரியவில்லை.

[இதற்குப் பிறகு இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். சயாமில் நடந்ததை நான் எழுதக் கூடாது. நான் அங்கே போனதில்லை, போனவர்கள் வீட்டுப் பிள்ளையும் இல்லை. அனுப்பியவர் வீட்டுப் பிள்ளை.]

(எண் போடாத பகுதி)

மாதக் கடைசி வாரத்தில் கதிரவேலு பங்கீட்டு அரிசி வாங்க ஈப்போவுக்குப் போவார். ரயில் நிலையத்தில் சீட்டுக் கொடுக்கும் குமாஸ்தா சிவானந்தன் அவர் ஊர்க்காரர், பழைய சிநேகிதர். 1941-இல் நேர அட்டவணையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். 1943-இல் அப்படிப் போன ஒரு நாள் அவர் கதிரவேலுவைத் தூணுக்குப் பின்னால் அழைத்துப் போய்ச் சொன்னார்:

"வடக்க போற வண்டி எல்லாம் சனத்தால நிறைஞ்சு போகுது. திரும்பி வாறது வெறும் வண்டி, கதிரவேலு. இத்தனை மாசமா ஒரு ஆள் இறங்கி நான் காணேல்லை."

வீட்டுக்கு வந்து கதிரவேலு இதைச் செல்லாச்சியிடம் சொன்னார். அன்று சாப்பிடவில்லை. என் அம்மாவுக்குப் பதின்மூன்று வயது, கதவுக்கு அப்பால் இருந்து கேட்டிருக்கிறார். எனக்குச் சொன்னதும் அவர்தான்.

7.

எந்த மாதக் கடைசி வாரம்? என் தலையெழுத்தே இந்த ஒரு கேள்வியில் வந்து மாட்டிக்கொண்டது.

இருளாயி ஆபீஸுக்கு வந்ததும் ஆகஸ்டுக் கடைசி வாரத்தில்தான். கதிரவேலு அதற்கு ஒரு நாள் முன்பு ஈப்போவுக்குப் போயிருந்தால், எண் போடாத பகுதி நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் வர வேண்டும். அப்படியானால் எல்லாம் தெரிந்துகொண்டுதான் அவர் அந்தக் கடைசி வரியை எழுதினார். செப்டம்பரில் போயிருந்தால் அது ஆறாம் பகுதியில், லாரி போனதற்கும் கார்த்திகைக்கும் நடுவில் வர வேண்டும். அப்படியானால் அவரும் ஏமாந்த மனுஷன்.

அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். இருளாயியைப் பற்றித் தெரியாத காலத்தில், சும்மா கேட்டதுதான். "ரெண்டாம் லாரி போன சமயந்தான்டா" என்றார். முன்னாலா, பின்னாலா? அன்று மழை பெய்தது என்றார். பேராக்கில் மழையை வைத்துத் தேதி கண்டுபிடிக்க நினைப்பவனை என்னவென்று சொல்வது. அம்மா இறந்து ஏழு வருஷம் ஆகிறது.

வேறு சாட்சி தேடினேன். கதிரவேலு 1962 வரை இருந்தார். எனக்கு அவரை ஞாபகம் இருக்கிறது. வாசல்படியைத் தாண்டாத மனிதர். யுத்தத்துக்குப் பிறகு வந்த விடுப்பு எதையும் எடுக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்குக்கூடப் போகவில்லை. அது குற்றவுணர்ச்சி என்று எழுதினேன். மூட்டுவலியாகவும் இருக்கலாம் என்று பக்கத்தில் எழுதினேன். தெரிந்தே செய்தவரும் அப்படித்தான் இருப்பார், தெரியாமல் செய்து பிறகு தெரிந்துகொண்டவரும் அப்படித்தான் இருப்பார்.

சிவானந்தன் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், முதல் ஆட்களுக்கு மூன்று மாதம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது என்பது அவருக்குத் தெரியாதா? ஒரு வண்டி ஐந்து நிமிஷம் தாமதமானால் கண்டுபிடிக்கிற மனிதர் அவர். இதை எழுதியபோது என் பேனா அவருக்கு எதிராகத் திரும்பியது. உடனே அவருக்காக வாதாடவும் ஆரம்பித்தது. இருபது பேரில் ஒருவன் குறைந்தால் அதிகாரி அவரைச் சும்மா விட்டிருப்பானா? அர்ச்சுனன் ஓடியிருந்தால் அந்த இடத்துக்கு இன்னொருவன் போயிருக்க வேண்டும் இல்லையா? இல்லாமல் என்ன. அந்த இன்னொருவனுக்கும் ஓர் இருளாயி இருந்திருப்பாள். ஆனால் அவரிடம் வந்து கேட்டவள் இவள். தன் அண்ணன் இடத்தைக்கூட நம்பிச் சொன்னவள் இவள்.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. கதிரவேலு, எனக்குத் தெரியாதம்மா என்கிறார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அவள் அன்றே புருஷனை இழுத்துக்கொண்டு பாகான் டத்தோ போகிறாள். பத்துமலை தென்னந்தோட்டத்தில் அப்பன் தோளில் வளர்கிறார். எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. எழுதும்போது அழுதேன். ஆனால் அப்படியானால் அவர் பாஸ்போர்ட் பாரத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார வேண்டியதே இல்லை.

இரண்டு. கதிரவேலு எட்டாம் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதுகிறார். தான் ஆசைப்பட்ட ரயிலில் தானே ஏறுகிறார். நாலு வரியோடு நிறுத்திவிட்டேன். அம்மாவுக்குப் பிறகு எனக்கு இரண்டு மாமாமார் பிறந்திருக்கிறார்கள், 1945-லும் 1947-லும்.

மூன்று. தெரிந்ததும் அவர் லாரிக்குப் பின்னால் ஓ

வேண்டாம்.

8.

குடிநுழைவு அலுவலகத்தில் அன்று கடைசியாக நடந்த ஒன்றை இதுவரை ஒளித்து வைத்திருந்தேன்.

கம்பளியைப் பற்றிச் சொல்லி முடித்ததும் பத்துமலை எண் காட்டும் திரையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு என்னிடம் கேட்டார்:

"நீங்க படிச்சவங்க. சொல்லுங்க தம்பி. அந்தக் கிராணிக்குத் தெரிஞ்சிருக்குமா?"

எழுபது வருஷமாக வைத்திருந்த கேள்வி. அதைக் கேட்க அவருக்குக் கிடைத்தது நான்தான். நான் யோசிக்கவே இல்லை.

"தெரிஞ்சிருக்காது அண்ணே" என்றேன். "தெரிஞ்சிருந்தா திரும்பி வர்றதுக்கு எடம் விடச் சொல்லி எழுதுவாரா?"

அவர் முகம் தெளிந்தது. "அதாங்க. அம்மாவும் கடைசி வரைக்கும் அவரைத் திட்டினதில்ல லா" என்றார். நான் எழுதிக் கொடுத்த பட்டியலை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் எண் வந்தது. எழுந்து போனார்.

இந்த மாதிரிக் கதையில் கடைசியில் பேனாவை வாசகர் கையில் கொடுத்துவிட்டு எழுதுகிறவன் நழுவிவிடுவது வழக்கம். மன்னியுங்கள், உங்களுக்குத் தர மாட்டேன். எண் போடும் உரிமை உங்களுக்கு இல்லை. எனக்கும் இல்லை.

இதழ் ஒன்றாம் தேதி வருகிறது. குழு புறப்படுவது பதினான்காம் தேதி. தமிழ்ப் பத்திரிகை எதையும் விடுவதில்லை, மகள் வாசித்துக் காட்டுவாள் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

பத்துமலை அண்ணே, அன்று உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் கதிரவேலு கிராணியின் மகள் பிள்ளை. தெரிந்திருக்காது என்று உங்களிடம் சொன்னேன். அது எனக்குத் தெரியாது. உங்கள் அம்மா கேட்டபோதும் எங்கள் வீட்டில் யாரும் தெரியாது என்று சொல்லவில்லை. எண் போடாத பகுதிக்கு எந்த எண் என்று நீங்கள் சொல்லுங்கள். ஐந்துக்கு முன்னால் என்று சொன்னால் அப்படியே போட்டு, என் பெயரையும் கீழே எழுதுகிறேன். என் விலாசம் இதழ் ஆபீஸில் இருக்கிறது. பதினான்காம் தேதி வரை வீட்டிலேயே இருப்பேன்.